கை ஓங்கிய சூசையப்பர்

எங்கள் வீட்டுச் சூசையப்பர் அதற்கு முன் பட்டாளத்தில் இருந்தவர். பச்சைப் பிளாஸ்டிக் உடம்பு, தலையில் இரும்புத் தொப்பி, வலது கையில் ஒரு கைக்குண்டு. அதை எறிவதற்காகக் கையைத் தலைக்கு மேல் ஓங்கியபடி நின்றார். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வரும் போத்தல் வியாபாரியிடம் நாலு வெறும் போத்தல்களைக் கொடுத்து அம்மா அவரை வாங்கினாள். அவரோடு மூன்று கால் குதிரை ஒன்றும், வால் போன சிங்கம் ஒன்றும், மஞ்சள் தாரா வாத்துகள் சிலவும் வந்தன. குதிரை கழுதையாக வேண்டியிருந்தது. சிங்கம் மாடாக வேண்டியிருந்தது. தாராக்கள் என்னவாகும் என்று அம்மாவுக்கே அப்போது தெரியாது.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்குப் பாலன் குடில் வைக்காத கத்தோலிக்க வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. எங்களிடமும் நல்ல சாந்துச் சுரூபங்கள் இருந்தன, கொழும்பிலிருந்து வந்தவை. முந்தைய வருடம் அவை எல்லாம் ஒரே நாளில் உடைந்துபோயின. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "பூனை தட்டிப் போட்டுது" என்று சொன்னாள். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அப்பாதான் உண்டு.

அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாட்டுக்குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். அவருடைய விரல்களைப் பார்த்து ஊரே மெச்சும். அந்தக் கை வீட்டில் என்ன செய்யும் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். அம்மா மட்டக்களப்பு வெயிலிலும் முழங்கைக்குக் கீழே இறங்கும் நீளக்கைச் சட்டைதான் போடுவாள். நன்றாகத் தைக்கத் தெரிந்தவள் என்பதால், அது ஏதோ புது மோஸ்தர் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அதே மாதிரி தைத்தும் போட்டார்கள்.

அந்த வருடம் புதுச் சுரூபம் வாங்க வழியில்லை. வாங்கினால் மறுபடியும் பூனை தட்டும் என்ற பயமும் இருந்திருக்கும். பிளாஸ்டிக் விழுந்தால் உடையாது. அம்மா அதைச் சொல்லவில்லை, ஆனால் யோசித்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எறிந்த உடைந்த பொம்மைகளையும் கேட்டு வாங்கி ஒரு கடகம் நிறையச் சேர்த்தாள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நான் ஒற்றைப் பிள்ளை. ஆனால் அந்த மாரியில் வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தாள், அம்மாவின் தங்கை மகள். எனக்கு இரண்டு வயது இளையவள், தங்கச்சி முறை. தாய் இறந்து, தகப்பன் மறுகலியாணம் செய்து, வந்தவளுக்கு அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் பிறந்ததும் இவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டார்கள். வவுணதீவுக்கு அப்பால், வயல் வட்டைக்கு நடுவில் அவர்களுடைய வீடு. குழந்தைகளைத் தூக்குவதும், கிளி கலைப்பதும், வைக்கோல் சுமப்பதும் அவளுடைய வேலை. அம்மா ஒருநாள் தோணியில் போய், கேட்டு, அழைத்து வந்துவிட்டாள். "இஞ்ச இருந்து படிக்கட்டும்" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் எந்த நேரமும் திருப்பி அனுப்பலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். அதனால் சாப்பாட்டுக்கு முதல் கோப்பை கழுவுவாள், சாப்பிட்ட பிறகும் கழுவுவாள்.

அவள் கொண்டுவந்தது இரண்டு சட்டையும் ஒரு பாவைப்பிள்ளையும். ஒரு சாண் உயரத்தில் ரோசா நிறப் பிளாஸ்டிக். ஒரு கண்ணின் மை போய்விட்டது. தாய் உயிரோடிருந்தபோது கோயில் திருவிழாக் கடையில் வாங்கிக் கொடுத்ததாம். இரவில் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வாள். பக்கத்தில் படுத்த என் தோளில் அது குத்தும்.

குடில் வேலை தொடங்கிய முதல் நாளே அந்தப் பொம்மை மாதா ஆகிவிட்டது. கடகத்தில் இருந்ததெல்லாம் ஆண்களும் மிருகங்களும்தான். "மாதாவுக்கு ஆளில்லையே புள்ள, உண்ட பாவைப்பிள்ளயத் தாறியா?" என்று அம்மா கேட்டாள். கேட்டது அம்மா, இருப்பது அம்மாவின் வீடு, அவள் என்ன சொல்வாள்? கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மறுகா தருவீங்களா பெரியம்மா?"

"மூவிராசாக்கள் திருநாள் முடிஞ்சு குடில் கழட்டின உடன தருவன். ஒட்டின துணியத் தண்ணியில ஊறப்போட்டா வந்திரும்."

மூன்று இராசாக்கள் பாலனைக் கும்பிட வந்த அந்தத் திருநாள் நத்தார் கழிந்து பன்னிரண்டாம் நாள் வரும். அதுவரை குடிலில் வைத்த எதையும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பொம்மையைக் கொடுத்தாள்.

வேலை இப்படித்தான் நடந்தது. குப்பி விளக்கில் பழைய கத்தியைச் சூடாக்கித் துவக்குகளையும் குண்டுகளையும் அறுத்தெடுப்போம். பிளாஸ்டிக் எரிகிற மணம் மூக்கை அடைக்கும். துண்டுத் துணியைக் கோதுமைமாப் பசையில் தோய்த்து உடம்பில் சுற்றி ஒட்டி, அடுப்புக்கு மேலே பரண்தட்டில் காயவைப்போம். மாரி மழையில் வேறு எங்கே காயும்? சிங்கத்தின் பிடரியை அறுத்து, விளக்குப் புகையும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினால் கறுத்த மாடு. தாராக்கள் பஞ்சு ஒட்டப்பட்டு ஆடுகள் ஆயின. நான் செய்த ஆடுகளைப் பார்த்து அம்மா, "இது ஆடா, சீனி முட்டாசியா?" என்று கேட்டாள். தங்கச்சி செய்தவை உண்மையிலேயே ஆடுகளாக இருந்தன. அலகை அறுத்துவிட்டுத்தான் பஞ்சு ஒட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

பட்டாளத்தான்தான் பெரிய தொல்லை. மாதாவோடு ஒத்த உயரத்தில் வேறு ஆண் பொம்மை இல்லை. அவனைத்தான் மாதாவின் கணவரான சூசையப்பராக்க வேண்டும். கைக்குண்டை அறுத்து, அந்த இடத்தில் ஊன்றுகோலுக்கென்று ஒரு விளக்குமாற்று ஈர்க்கைச் செருகினோம். தொப்பிக்கு மேலே துணி போர்த்தினோம். நீளச் சட்டை ஒன்றை அம்மா தைத்து மாட்டினாள். எல்லாம் சரி, ஓங்கிய கை மட்டும் ஓங்கியபடியே இருந்தது. ஈர்க்குச் செருகிய பிறகு இன்னும் மோசம். குனிந்த தலையோடு மாதா இருக்க, பக்கத்தில் தடியை ஓங்கிக்கொண்டு சூசையப்பர்.

அம்மா வளவுக்குப் போன நேரம் தங்கச்சி என் காதருகே வந்தாள்.

"அக்கா, இது பெரியப்பாவப் போல கிடக்கு."

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. "வாயப் பொத்து" என்று அவளுடைய தொடையில் கிள்ளினேன். அவள் அழவில்லை. பொம்மையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சோறு வடித்த கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருந்தது. பட்டாளத்தானின் கையை அதற்குள் அமிழ்த்திப் பிடித்தாள். பிளாஸ்டிக் இளகியதும் மெல்ல மெல்லக் கீழே வளைத்து, அப்படியே கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் விட்டாள். கை இறங்கியே நின்றது. ஈர்க்கு நிலத்தில் ஊன்றியது. வயதான, நல்ல, களைத்துப்போன ஒரு மனிதர் மனைவியின் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. அவளுடைய விரல்நுனிகள் சிவந்து கன்றிப்போயிருந்தன.

"பெரியம்மாக்குப் பக்கத்தில அப்பிடி வைக்க ஏலாதே" என்றாள். மாதா என்று சொல்ல நினைத்துப் பெரியம்மா என்று சொல்லிவிட்டாள். அதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

திரும்பி வந்த அம்மா சூசையப்பரைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தங்கச்சியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். என்னை அப்படி அணைத்தது எனக்கு நினைவில்லை. அன்று பின்னேரம் நான் பசைச் சட்டியைத் தட்டி ஊற்றினேன், வேண்டுமென்றேதான். அம்மா கத்தினாள்:

"உன்னப் பெத்து என்ன கண்டன்? இந்த வீட்டையும் வளவையும் இவளுக்கே எழுதிக் குடுத்துப்போட்டுப் போறன், பாத்திட்டிரு!"

வேறு ஊரில் இது வெறும் ஏச்சு. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான், தாயின் வீடு மகளின் பேருக்கு எழுதப்படும். தாயின் தங்கை பெற்ற மகளும் மகள்தான், அதே தாய்வழிக் குடி. ஆக, அம்மா சொன்னது நடக்கக்கூடிய காரியம். வாவிப் பக்கத்து அறை என் அறை என்று ஐந்து வயதிலிருந்தே நான் முடிவு செய்து வைத்திருந்தேன். பதினொரு வயதில் மூளை என்ன பெரிதாக வேலை செய்யும்? ஏச்சு எது, உறுதி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவளுக்கு வீடு, எனக்கு ஒன்றுமில்லை. நான் அதை அப்படியே நம்பினேன். அன்றிலிருந்து அவளை அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

நத்தாருக்கு இரண்டாம் நாள் பங்குச் சுவாமி வீடு வீடாகக் குடில் பார்க்க வருவார். எந்தக் குடில் நல்லது என்று அடுத்த ஞாயிறு பூசையில் சொல்வார். எங்கள் வீட்டுக்குப் பகல் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா சோற்றை வடித்து வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனாள். அப்பா விறாந்தையில் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி பூப்பறிக்க வளவுக்குப் போயிருந்தாள்.

குடிலில் இருந்து சூசையப்பரை எடுத்தேன். சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிவிட்டேன். காலைப் பிடித்துத் தலைகீழாக, ஓங்கவேண்டிய கையை மட்டும் கஞ்சிக்குள் விட்டேன். நான் வளைக்கவேகூட இல்லை. சூடு ஏறியதும் கை தானாகவே எழும்பத் தொடங்கியது, தன் பழைய இடத்தை மறக்கவில்லை. கொஞ்சம் தள்ளிவிட்டேன், அவ்வளவுதான். துடைத்து, சட்டைக்கையை இழுத்துவிட்டு, மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். சுவாமியின் செருப்புச் சத்தம் அப்போதே படியில் கேட்டது.

சுவாமியோடு பாட்டுக்குழுப் பெண்கள் இருவர் வந்தார்கள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். கறுத்த மாட்டைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆடுகளை மெச்சினார்கள். பிறகு சுவாமி நிமிர்ந்து, "இதென்ன, சூசையப்பர் மாதாவுக்கு அடிக்கப் போறாரா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், மற்றவர்களைவிடப் பெரிதாக. அம்மா அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். பூவோடு உள்ளே வந்த தங்கச்சி பொம்மையைக் கண்டதும் கையை இறக்கிவிட ஓடினாள். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சுவாமி, இது இவ செய்த. ஆரப் பாத்துச் செய்த எண்டு கேளுங்க."

அவள் செய்தது பிழை என்று காட்டத்தான் முதலில் நினைத்திருந்தேன். இந்தக் கேள்வி அந்த நேரத்தில் வாயில் வந்தது. ஆனால் அதன் விடை எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். இந்த வயதில் அதை மழுப்பி என்ன செய்யப்போகிறேன்?

சுவாமி விளையாட்டாகக் குனிந்து அவளுடைய நாடியைப் பிடித்தார். "சொல்லுங்க மகள், ஆரப் பாத்துச் செய்த?"

அவள் முதல் நன்மைக்கு, முதன்முதல் நற்கருணை வாங்க, ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். சுவாமியிடம் பொய் சொன்னால் நன்மை வாங்க முடியாது என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பெரியப்பாவப் போல இருந்திச்சு சுவாமி. பெரியம்மாக்கு அடிக்கக்குள்ள அப்பிடித்தான் நிப்பாரு. நான் கைய இறக்கித்தான் வெச்சன். அது மறுகா ஏறிட்டுது."

சுவாமி அம்மாவைப் பார்த்தார். அம்மா சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். அவள் அப்படி இழுக்காமல் இருந்திருந்தால் குழந்தைப் பேச்சு என்று அது போயிருக்கும். பாட்டுக்குழுப் பெண்கள் பார்த்தது சுரூபங்களை அல்ல. இருவரும் தாங்கள் போட்டிருந்த நீளக்கைச் சட்டையைத் தடவிக்கொண்டார்கள். சுவாமி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நாளைக்குக் காலையில மிசன் வீட்டுக்கு ஒருக்கா வாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று அப்பா அடிக்கவில்லை. அம்மா அடித்தாள். பூவரசங்கம்பு முறியும்வரை தங்கச்சியை அடித்தாள். "பொய் சொல்லுற பொட்டைய இந்த வீட்டில வெச்சிருக்க ஏலா" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். அது அடுத்த வீட்டுக்காகச் சொன்னதுதான். அது பொய்யில்லை என்று வீட்டில் நாலு பேருக்கும் தெரியும்.

நான் மூலையில் இருந்து பார்த்தேன். சந்தோசமாக இருந்தேனா என்று கேட்டால், ஓம், இருந்தேன். முதல் இரண்டு மூன்று அடிவரைக்கும்.

வாவிக்கு அக்கரையில், படுவான்கரைக்குச் சொல்லியனுப்பி, மூன்றாம் நாள் அவளுடைய தகப்பன் தோணியோடு வந்தார். மழைக்கு வாவி பெருகிக் கரையெல்லாம் தண்ணீர். அம்மா துறைக்கு வரவில்லை, என்னைத்தான் அனுப்பினாள். தோணியில் ஏற முதல் அவள் என்னிடம் கேட்டாள்:

"அக்கா, நான் சொன்னது பொய்யா?"

"ஓம். பொய்தான்."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கண்ணால் கண்டதைவிட அக்கா சொன்னது பெரிதாக இருந்த வயது.

"எண்ட பாவைப்பிள்ள?"

"மூவிராசாக்கள் முடியட்டும். அனுப்புறம்."

தோணி போனது. நான் வீட்டுக்கு வந்து வாவிப் பக்கத்து அறையில் காலை நீட்டிப் படுத்தேன். தோளில் எதுவும் குத்தவில்லை.

மிசன் வீட்டில் சுவாமி என்ன சொன்னாரோ தெரியாது. அப்பா அங்கிருந்து முகம் வெளிறித் திரும்பினார். ஆர்மோனியம் வாசிப்பது நின்றுபோனது, வேறொருவர் வாசித்தார். அதற்குப் பிறகு அப்பா சாகும்வரை அம்மாமேல் கை வைக்கவில்லை. வாய் இருந்தது, கை போய்விட்டது. உயிர்த்த ஞாயிறுப் பூசைக்கு அம்மா தனக்கென்று ஒரு குட்டைக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய முழங்கை வெள்ளையாக இருப்பதை அன்றுதான் நான் பார்த்தேன். அந்தக் கையை மீட்டுக் கொடுத்தவள் அந்த நேரம் வவுணதீவுக்கு அப்பால் யாருடைய பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அம்மா அவளைத் திருப்பி அழைக்கவில்லை. பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

பாவைப்பிள்ளையை நாங்கள் அனுப்பவில்லை. முதல் வருடம் மறந்துபோனோம் என்று சொல்லலாம். இரண்டாம் வருடம் நத்தாருக்குப் பெட்டியைத் திறந்தபோது, மாதா இல்லாமல் குடில் வைப்பது எப்படி என்று இருந்துவிட்டோம். சூசையப்பரின் கையை அம்மா கஞ்சியில் போட்டு இறக்கினாள்.

பத்து வருடம் கழித்து எனக்குக் கலியாணம் பேசி முடிந்தது. வீட்டையும் வளவையும் என் பேருக்கு எழுத நொத்தாரிசு வருவதற்கு முதல்நாள் அம்மா அலுமாரியைத் துப்புரவாக்கினாள். குடில் பெட்டி வெளியே வந்தது. சூசையப்பரைக் கையில் எடுத்து, சட்டைக்கையை விரலால் நீவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அண்டைக்கு இதுக்குள்ள ஒரு சோத்துப் பருக்கை ஒட்டிக் கிடந்திச்சு. சுவாமி போனாப் பிறகு பாத்தன். அவள் வளவில பூப்பறிச்சிட்டு நிண்டவள்."

நான் கேட்டேன். "தெரிஞ்சும் என்னத்துக்கு அவளுக்கு அடிச்சீங்க? என்னத்துக்கு அனுப்பினீங்க?"

"அவள் இருந்தா, அவளப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு வெக்கமா இருக்கும். உன்ன எங்க அனுப்புற? நீ எண்ட வயித்துப் புள்ள."

பெட்டியை மூடினாள். அடுத்த நாள் காலை நொத்தாரிசுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எந்த மனவருத்தமும் இல்லாத, வட்டமான கையெழுத்து. நானும் மறுக்கவில்லை. வேண்டாம், பாதியை அவளுக்கு எழுதுங்கள் என்று சொல்ல ஒரு வாய் எனக்கு இருந்தது. சொல்லவில்லை.

கலியாணத்துக்கு அவள் வந்தாள். அழைப்பு அவளுடைய தகப்பனுக்குத்தான், அவர் படுக்கையில் கிடந்ததால் இவள் வந்தாள். கலியாணமாகாதவள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், அதற்குமேல் இல்லை. வந்த நேரத்திலிருந்து கிணற்றடியில் கிடாரம் கழுவினாள். சபையில் இருக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பின்னேரம் பஸ்ஸுக்குப் புறப்படும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வாவிப் பக்கத்து அறைக்கு வந்தாள். ஈரக்கையைச் சீலையில் துடைத்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டியில் கண் நின்றது. அடையாளம் தெரிந்திருக்கும், பழைய தேயிலைப் பெட்டிதானே.

"அக்கா, மூவிராசாக்கள் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அப்போது ஆவணி மாதம்.

கதிரையைப் போட்டு ஏறினால் கைக்கு எட்டும் உயரம். ஒரு நிமிட வேலை. ஆனால் அடுத்த நத்தார் என்னுடைய வீட்டில் நான் வைக்கப்போகும் முதல் குடில். சூசையப்பருக்குப் பக்கத்தில் யாரை வைப்பது என்று யோசித்தேன். ஒரு பலகாரப் பெட்டியைக் கட்டி அவள் கையில் கொடுத்து, பஸ் தவறிவிடும் என்று சொன்னேன்.